பெரிய தொட்டியில் வேட்டை மீன்கள்: எதை எதோடு விடலாம்?

வீட்டில் பெரிய தொட்டி வைத்து அரோவானா, டாட்னாய்ட், திருக்கை என்று வேட்டை மீன்களைச் சேர்த்து வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தொட்டியின் அகலத்தைத்தான். நீளத்தை எல்லாரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள், "ஆறடி அண்ணே" என்று. முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவே எவ்வளவு என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். இரண்டடி நீள மீன் அந்த இடைவெளியில்தான் நாள் முழுக்கத் திரும்பித் திரும்பி நீந்த வேண்டும், மிரட்டுகிற மீனைக் கண்டு ஒதுங்குகிற மீனும் அங்கேதான் ஒதுங்க வேண்டும். வளர்ந்த மீனின் நீளம் எவ்வளவோ அவ்வளவு அகலம் இருந்தால் நல்லது, முடியாவிட்டால் முக்கால் பங்காவது வேண்டும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே நீங்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் பாதி மீன் தானாகக் கழன்றுவிடும்.

அகலம் கூடினால் எடையும் கூடும், அதையும் இப்போதே பேசிவிடலாம். ஒரு கன அடித் தண்ணீர் ஏறத்தாழ 28 லிட்டர், 28 கிலோ. 6 அடி நீளம், இரண்டரை அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 30 கன அடி, 850 லிட்டர். கண்ணாடி, ஸ்டாண்டு, கீழே சம்ப் (தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். சிங்கப்பூரில் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில் கட்டப்படுவது. 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், தொட்டி நான்கடியோ எட்டடியோ, அதன் அடியில் சதுர மீட்டருக்கு 600 கிலோ உட்கார்ந்திருக்கும். அந்த 150 கிலோ அறை முழுக்கப் பரவலாக எடுத்த கணக்கு என்பதால் நான்கடித் தொட்டியை ஓரமாக வைத்திருப்பவர்கள் நிறைய பேர் பிரச்சினை இல்லாமல் இருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஆறடி, எட்டடி என்று போகிறவர்கள் "எல்லாரும் வைக்கிறாங்க" என்று கடையில் சொல்வதை நம்பி வைக்கக் கூடாது. வீவகவிடம் கேளுங்கள், தகுதிபெற்ற பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து பீம் எங்கே ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கீழ்வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. தரைவீடு உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

இதில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. வேட்டை மீன்களுக்கு உயரம் பெரிதாகத் தேவைப்படாது. அரோவானா மேலே நீந்தும், பிச்சிர் என்ற நீண்ட உருளை மீனும் திருக்கையும் தரையில் கிடக்கும். தண்ணீர் மட்டத்தை ஒன்றரை அடியாகக் குறைத்து, மிச்சமாகும் எடையை அகலத்தில் செலவழித்தால் தளத்துக்கும் சுமை குறையும், மீனுக்கும் இடம் கிடைக்கும். பளபளவென்று உயரமாக நிற்கும் குறுகிய தொட்டி வரவேற்பறைக்கு அழகுதான், இந்த மீன்களுக்கு அது தண்டனை.

சரி, மீனுக்கு வருவோம்.

வேட்டை மீன்கள் ஒன்றாக வாழுமா என்று பார்க்கும்போது பசியையும் சண்டையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், பலர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பசி வாயின் அளவைப் பொறுத்தது. வாய்க்குள் அடங்குகிற எதுவும் உணவு, அவ்வளவுதான். பகலெல்லாம் சாதுவாகக் கிடக்கும் பிச்சிர்கூட விளக்கை அணைத்த பிறகு வாய்க்குள் போகிறதை விழுங்கிவிடும், அதில் கோபம் எதுவும் கிடையாது. இங்கே மீனின் நீளத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 20 செ.மீ. நீளப் பிச்சிர் உருளையாக, ஒல்லியாக இருப்பதால் 40 செ.மீ. பீக்காக் பாஸ் வாயில் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அதைவிடக் குட்டையான சில்வர் டாலர் தட்டுப்போல் அகன்ற உடம்போடு இருப்பதால் தப்பித்துக்கொள்ளும். உடம்பின் உயரமும் தடிமனும்தான் கணக்கு. பெரிய மீனின் வாய் திறந்தால் எவ்வளவு அகலம் வரும் என்று உணவு போடும்போது கவனித்துப் பாருங்கள், நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருக்கும்.

சின்னக் கெளுத்திகளை இந்தத் தொட்டியில் விடுவது இன்னொரு ஆபத்து. பிக்டஸ், சினோடாண்டிஸ் போன்றவற்றின் பக்கத் துடுப்பில் முள் இருக்கிறது, பயந்தால் அதை விரித்துப் பூட்டிக்கொள்ளும். விழுங்கப் பார்த்த மீனின் தொண்டையில் அது மாட்டிக்கொண்டால் இரண்டும் போய்விடும்.

சண்டை வேறு கதை. அது இடம், உருவம், மட்டம் இந்த மூன்றையும் பொறுத்தது. ஒரே மட்டத்தில் ஒரே உருவத்தில் இருக்கும் இரண்டு மீன்கள் ஒன்றையொன்று போட்டியாகப் பார்க்கும். அதனால் மேல் மட்டத்துக்கு ஒன்று, நடு மட்டத்துக்கு இரண்டு மூன்று, தரைக்கு இரண்டு மூன்று என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

மேல் மட்டம் என்றால் அரோவானாதான். ஆசிய அரோவானா 60 செ.மீ.க்கு மேல் போகும், தென்னமெரிக்க சில்வர் அரோவானா 90 செ.மீ. வரை வளரும். விலை குறைவு என்பதால் முதலில் சில்வரைத்தான் வாங்குகிறார்கள், ஆனால் இடம் அதிகம் கேட்பது அதுதான். அதற்கு மூன்றடி அகலம் இல்லாமல் சரிப்படாது. ஆசிய அரோவானாவுக்கு இரண்டரை அடி அகலம் போதும் என்பது என் கருத்து. ஆஸ்திரேலிய ஜார்டினி பார்க்க அழகு, குணத்தில் முரடு, கூட்டத் தொட்டிக்கு வேண்டாம். எந்த அரோவானாவாக இருந்தாலும் ஒரு தொட்டிக்கு ஒன்று. இரண்டு விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். மிகப் பெரிய தொட்டிகளில் ஆறு, எட்டு என்று கூட்டமாக விட்டுச் சண்டையைப் பங்கிட்டுவிடுவார்கள், வீட்டில் அது நடக்காது. இன்னொன்று, மூடி. அமேசான் காட்டில் தண்ணீருக்கு மேலே தொங்கும் கிளையிலிருக்கும் பூச்சியைத் தாவிப் பிடிக்கிற மீன் இது. தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விடுங்கள், மூடி கனமாக இருக்கட்டும், ஒயர் போகும் மூலையில் ஓட்டை இருந்தால் அதையும் அடைத்துவிடுங்கள்.

நடு மட்டத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தது டாட்னாய்ட். நம் ஊரில் கடைக்காரர்கள் டைகர் ஃபிஷ் என்பார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை. இந்தோனேசிய வகையை வாங்குங்கள், சுமத்ராவிலும் போர்னியோவிலும் இருந்து வருவது, தொட்டியில் மெதுவாக வளர்ந்து 40 செ.மீ. அளவில் நிற்கும். உடம்பு உயரமாக இருப்பதால் மற்ற மீன் வாய்க்குள் எளிதில் அடங்காது, அரோவானாவோடும் வம்புக்குப் போகாது. இதன் நிறத்தைப் படிக்கப் பழகினால் தொட்டியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். மனம் நிம்மதியாக இருக்கும்போது மஞ்சள் பளிச்சென்று இருக்கும், பட்டைகள் தெளிவாக இருக்கும். யாராவது துரத்தினால், தண்ணீர் கெட்டால், உடம்பு முழுக்கக் கறுத்துப் பட்டையே தெரியாமல் போய்விடும், மூலையில் தலையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு அசையாமல் நிற்கும். ஒரு நாள் கறுத்தால் பரவாயில்லை, தொடர்ந்து கறுத்தே இருந்தால் தொட்டியில் ஏதோ சரியில்லை. டாட் வாங்கினால் ஒன்று வாங்குங்கள், இல்லையென்றால் மூன்றோ அதற்கு மேலோ. இரண்டாக விட்டால் வலியது மெலிந்ததை விடாமல் துரத்தும்.

பீக்காக் பாஸ் எல்லாருக்கும் ஆசை. வேகம், நிறம், பசி, எல்லாமே அதற்கு அதிகம். முதல் வருடத்திலேயே ஓரடி எட்டிவிடும். இனத்தைக் கேட்டு வாங்குங்கள், சின்ன வகைகள் 40 செ.மீ. பக்கத்தில் நின்றுவிடும், தெமென்சிஸ் என்ற வகை முக்கால் மீட்டரைத் தாண்டும். குட்டியாக இருக்கும்போது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதைச் சேர்ப்பதில் உள்ள சங்கடம் என்னவென்றால், டாட் யோசித்து யோசித்துச் சாப்பிடும், பாஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் காலி செய்துவிடும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் பாஸுக்கு ஒரு முனையில் போட்டுவிட்டு, அது அங்கே மும்முரமாக இருக்கும்போதே மறுமுனையில் டாட்டுக்குப் போட வேண்டும். தினமும் அந்தப் பொறுமை இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

தரைக்குப் பிச்சிர். செனகல் வகை 30 செ.மீ., டெல்ஹெசி 35 செ.மீ. அளவு, எண்ட்லிச்சேரி 60 செ.மீ. தாண்டும். பழங்காலத்து மீன், நுரையீரல் மாதிரி ஓர் உறுப்பு இருப்பதால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுச் சட்டென்று கீழே போகும். கண் பார்வை மந்தம், மூக்கை வைத்துத்தான் உணவைத் தேடும். முன்னால் இறால் கிடந்தாலும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் கண்டுபிடிக்கும், அதற்குள் மற்ற மீன் எடுத்துவிடும். ஆகவே விளக்கை அணைத்த பிறகு மூழ்குகிற பெல்லட் இரண்டு மூன்று இதற்கென்று தனியாகப் போடுங்கள். காட்டில் பிடித்துக் கொண்டுவந்த பிச்சிர் என்றால் தோலில் மேக்ரோகைரோடாக்டைலஸ் என்ற ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு உண்டு, உடம்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருக்கும். பிராசிகுவான்டெல் மருந்தில் சரியாகும், ஆனால் பெரிய தொட்டியில் விடுவதற்கு முன் தனித் தொட்டியில் வைத்தே பார்த்துவிட வேண்டும். பண்ணையில் பிறந்த செனகல் மலிவாகவே கிடைக்கிறது, முதல் பிச்சிருக்கு அதுவே போதும்.

திருக்கை பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மோட்டோரோ வகையின் தட்டுப்போன்ற உடம்பு வீட்டுத் தொட்டியிலேயே ஒன்றரை அடி அகலம் வரும். அது திரும்ப மூன்றடி அகலத் தரை வேண்டும், அதில் மரமும் கல்லும் அடைத்து வைக்கக் கூடாது. மணல் போட்டால் மென்மையான மணல், இல்லையென்றால் வெறும் கண்ணாடித் தரை. அம்மோனியா லேசாக ஏறினாலே முதலில் சாவது திருக்கைதான். ஆண் திருக்கை பெண்ணைக் கடித்துக் குதறும், அதனால் ஒன்று மட்டும் வளர்ப்பதென்றால் எதுவானாலும் சரி, இரண்டு என்றால் இரண்டும் பெண்ணாக இருக்கட்டும். ஆணுக்கு இடுப்புத் துடுப்புப் பக்கம் விரல்போல இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும், குட்டியிலேயே அடியில் பார்த்தால் தெரியும். வாலில் விஷமுள் இருக்கிறது, தொட்டிக்குள் கை விடும் முன் அது எங்கே கிடக்கிறது என்று பாருங்கள், குழந்தைகளைக் கை விட அனுமதிக்காதீர்கள். குத்திவிட்டால் காயத்தைத் தாங்கக்கூடிய அளவு வெந்நீரில் வைத்துக்கொண்டு, 45 டிகிரிக்கு மேல் போகாமல், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாசி தின்னட்டும் என்று சாதாரணப் பிளெக்கோவைத் திருக்கையோடு விடாதீர்கள், அது ராத்திரியில் திருக்கையின் முதுகில் ஒட்டிக்கொண்டு சளிப்படலத்தை உறிஞ்சும்.

ஆஸ்கர், பாரட், சில்வர் டாலர், டின்ஃபாயில் பார்ப் இவையெல்லாம் துணை மீன்கள். ஆஸ்கர் 30 செ.மீ. வரும், புத்திசாலி, ஆள் அடையாளம் தெரியும், ஆனால் முட்டையிடும் காலத்தில் பாதித் தொட்டியைத் தனதாக்கிக்கொள்ளும். சில்வர் டாலரைக் கூட்டமாக விட்டால் பயந்த மீன்களுக்கும் தைரியம் வரும், அவை வெளியே நீந்துவதைப் பார்த்துத்தான் டாட் மறைவிலிருந்து வரும்.

இனி வேண்டாதவை. "அண்ணே, ஒரு ரெட்டெயில் போடலாமா?" என்று தம்பிமார் நிறைய பேர் கேட்கிறார்கள். வேண்டாம் தம்பி. கடையில் விரல் நீளத்தில் வெள்ளை மீசையோடு அழகாக இருக்கும் அந்தக் கெளுத்தி ஒரு மீட்டரைத் தாண்டும், போகும் வழியில் தொட்டியில் உள்ள ஒவ்வொன்றையும் விழுங்கிக்கொண்டே வளரும். டைகர் ஷவல்நோஸும் அப்படித்தான். அலிகேட்டர் கார், அரபைமா இரண்டும் இரண்டு மீட்டர் போகிற மீன்கள். தோமான், நம் விரால் குடும்பத்துப் பெரியண்ணன், தனியாக வளர்க்க வேண்டியது. நெற்றி புடைத்த லுவோஹானும் தனி ஆள்தான். கிளவுன் நைஃப் 80 செ.மீ. தாண்டும், எட்டடித் தொட்டி உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம். பிரானாவை வளர்க்கவே சிங்கப்பூரில் அனுமதி இல்லை.

எத்தனை விடுவது? நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டி, 450 லிட்டர் என்றால் அரோவானாவை மறந்துவிடுங்கள். செனகல் பிச்சிர் மூன்று, அவற்றோடு இலைபோல் தட்டையான, புள்ளி போட்ட டீனோபோமா மூன்று நான்கு, இது 15 செ.மீ. சுற்றி நிற்கும் அமைதியான வேட்டை மீன். வீவக வீட்டில் வேட்டை மீன் வளர்க்க விரும்புகிறவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது இந்தத் தொட்டிதான், டீனோபோமா ஒரு இறாலை நோக்கி இலை மிதப்பதுபோல் நகர்ந்து வந்து கடைசி நொடியில் வாயைக் குழாயாக நீட்டி உறிஞ்சுவதை ஒருமுறை பார்த்தால் பெரிய மீன் இல்லையே என்ற குறை போய்விடும். ஆறடிக்கு இரண்டரை அடித் தொட்டியில் ஆசிய அரோவானா ஒன்று, டாட் ஒன்று, டெல்ஹெசி இரண்டு, சில்வர் டாலர் ஐந்தாறு. அதோடு நிறுத்துங்கள். எட்டடிக்கு மூன்றடி என்றால் அரோவானா ஒன்று, டாட் மூன்று, அப்புறம் தரைக்குத் திருக்கை ஒன்று அல்லது பெரிய பிச்சிர் மூன்று, இரண்டில் ஒன்று. மீனெல்லாம் குட்டியாக இருக்கும்போது தொட்டி காலியாகத் தெரியும், கை அரிக்கும். பொறுங்கள்.

ஆசிய அரோவானா வாங்கும்போது தாள்களைச் சரிபாருங்கள். 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் இனம் இது, பதிவுபெற்ற பண்ணையில் பிறந்ததை மட்டுமே விற்கலாம். மீனின் உடம்பில் மைக்ரோசிப் இருக்கும், சான்றிதழில் அதே எண் இருக்க வேண்டும், கடையிலேயே சிப்பை ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். ஜொகூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று அனுமதி இல்லாமல் பாலத்தைக் கடந்து கொண்டுவந்தால் குற்றம். சிராங்கூன் நார்த் கடைகள், பாசிர் ரிஸ், சுங்கை தெங்கா பண்ணைகள் என்று இங்கேயே பார்க்க நிறைய இருக்கிறது, அவசரப்படாமல் இரண்டு மூன்று முறை போய் அதே மீன் சாப்பிடுகிறதா என்று பார்த்து வாங்கலாம்.

தண்ணீர். நம் குழாய்த் தண்ணீரில் குளோரின் மட்டும் இல்லை, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் இருக்கிறது. வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தால் சரியாகிவிடும் என்கிற பழைய வழக்கம் இங்கே வேலைக்கு ஆகாது, குளோரமின் அப்படிச் சீக்கிரம் ஆவியாகாது. சாதாரண ஆன்ட்டி குளோரின் போட்டால் குளோரமின் உடைந்து அம்மோனியா மிஞ்சும், அந்த அம்மோனியாவையும் கட்டிப்போடுகிற மருந்தாகப் பார்த்து வாங்குங்கள், பாட்டிலில் குளோரமின் என்று எழுதியிருக்கும். அதைத் தொட்டி அளவுக்கு அளந்து போட்ட பிறகே புதுத் தண்ணீரை விட வேண்டும். பெரிய பீப்பாயில் தண்ணீர் சேமித்து வைப்பவர்கள் இறுக மூடி வையுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிட்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் வீடு தேடி வந்து அபராதம் போடும்.

வேட்டை மீன்களின் உணவு முழுக்கப் புரதம், கழிவும் அப்படியே அம்மோனியாவாக வரும். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், பழைய தொட்டியிலிருந்து ஃபில்டர் கல் கொஞ்சம் கிடைத்தால் சீக்கிரம் ஆகும். சம்ப் பெரிதாக இருக்கட்டும், தொட்டியில் நான்கில் ஒரு பங்காவது. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகுதான் முதல் மீன். அதன்பின் வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், திருக்கை இருந்தால் இன்னும் கூடுதலாக. நம் தண்ணீர் மென்மையானது, நிறைய உணவு போகும் தொட்டியில் சில மாதத்தில் அமிலத்தன்மை ஏறிவிடும், அப்போது ஃபில்டர் பாக்டீரியாவும் சோர்ந்துவிடும். சம்பில் ஒரு பை பவளக்கல் துண்டு போட்டு வைத்தால் இதைத் தடுக்கலாம். ஹீட்டர் தேவையில்லை, நம் வெயிலே போதும். ஆனால் ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் தொட்டி வைக்காதீர்கள், பகலில் 30, இரவில் 25 என்று தினமும் ஏறி இறங்கினால் மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வரும்.

மீனை விடும் வரிசை முக்கியம். பயந்த மீன் முதலில், முரட்டு மீன் கடைசியில். பிச்சிரும் டாட்டும் முதலில் போய் இடம் பழகட்டும், சில்வர் டாலர் கூடவே போகட்டும், அவை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு பாஸ், எல்லாவற்றுக்கும் கடைசியாக அரோவானா. அரோவானா ஏற்கெனவே தொட்டியில் ராஜாவாக இருந்தால் புதிதாக வரும் மீனை ஒவ்வொன்றாக விடாதீர்கள், இரண்டு மூன்றைச் சேர்த்து விட்டால் அதன் கவனம் சிதறும். விடுவதற்கு முன் அரோவானாவுக்கு வயிறு நிறையப் போடுங்கள், மரக்கட்டை இருந்தால் இடம் மாற்றி வையுங்கள், விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். நடுவில் ஓட்டை போட்ட அக்ரிலிக் தடுப்பு வைத்து ஒரு வாரம் முகம் பார்த்துப் பழக விடுவது இன்னும் நல்லது. எந்த மீனாக இருந்தாலும் அதற்கு முன் தனித் தொட்டியில் மூன்று வாரமாவது இருந்திருக்க வேண்டும். அரோவானா, பிச்சிர், திருக்கை மூன்றுமே செம்பு கலந்த மருந்துகளைத் தாங்காது, பெரிய தொட்டியில் நோய் வந்தபின் மருந்து போடுவது மிகவும் கஷ்டம்.

உணவுக்கு உயிருள்ள தங்கமீன் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, நாளடைவில் வைட்டமின் பி1 குறைந்து மீன் தள்ளாடும். மீன் பேனும் நங்கூரப் புழுவும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் தொட்டிக்குள் வருகின்றன. தேக்கா சந்தையில் சின்ன இறால் வாங்கி, தலைக் கொம்பையும் வால் முள்ளையும் கிள்ளிவிட்டு, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக ஃப்ரீஸரில் வையுங்கள். மீன் துண்டு, வெட்டுக்கிளி, கெட்டிப் பெல்லட் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள், ஒன்றையே கொடுத்தால் அதைத் தவிர வேறு எதையும் தொடாது. மாட்டு இதயம், கோழி வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது. பெல்லட் பழக்குவதற்கு மூன்று நான்கு நாள் பட்டினி போட்டு, இறாலுக்குள் ஒரு பெல்லட்டைச் சொருகிக் கொடுங்கள். டாட் துப்பும், மறுபடி எடுக்கும், மறுபடி துப்பும், நீங்கள் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் ஒருநாள் விழுங்கிவிடும். குட்டிகளுக்குத் தினமும் கொடுக்கலாம், வளர்ந்தவற்றுக்கு வாரம் மூன்று நாள் போதும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் உணவு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது, அன்போடு அள்ளிப் போட்ட உணவு அழுகினால் எல்லாம் போய்விடும்.

விட்ட பிறகு முதல் மாதம் தினமும் பத்து நிமிடம் தொட்டி முன்னால் உட்காருங்கள். வால் நுனி கிழிந்திருக்கிறதா, விலாவில் செதில் ஒன்றிரண்டு உதிர்ந்திருக்கிறதா, எந்த மீனாவது மேல் மூலையில் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, உணவு போடும்போது யார் வரவில்லை, அரோவானாவின் மீசை நேராக நீண்டிருக்கிறதா மடங்கி ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். லேசாகத் துரத்திவிட்டு நிறுத்தினால் சரி, அது தன் இடத்தைச் சொல்கிறது. ஒரே மீனைத் தேடித்தேடிப் போய்த் துரத்தினால் "பழகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே தடுப்பைப் போடுங்கள். பெரும்பாலும் அடி வாங்கும் மீனைத்தான் வெளியே எடுப்போம். அடிக்கும் மீனை இரண்டு வாரம் தனியே வைத்துவிட்டுத் திரும்ப விட்டுப் பாருங்கள், இடம் மாறிய மீன் புதுசாக வந்தவன்போல் அடங்கி நடக்கும். அப்படியும் அடங்கவில்லை என்றால் அது தனித் தொட்டி மீன்.

அந்தத் தனித் தொட்டிக்கு வீட்டில் இடம் இல்லையா? வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மீன் வளர்ப்பவர்களின் குழுக்களில் இலவசமாகக் கொடுத்தால் ஒரு நாளில் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்கள். நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ மட்டும் விடாதீர்கள். சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம் அங்கே இருக்கும் உயிர்கள். பீக்காக் பாஸ் நம் நீர்த்தேக்கங்களில் பெருகிப் பல காலம் ஆகிறது, மேல் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் மோட்டோரோ திருக்கை குட்டி போட்டு நிலைத்தே விட்டது, எல்லாம் மனிதர்கள் கொண்டுபோய் விட்டவைதான். ஒவ்வோர் ஆண்டும் விசாக தினத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியர்கள் நீர்த்தேக்கங்களில் நின்று, மீனை விட வருபவர்களிடம் பேசித் திருப்பி அனுப்புகிறார்கள். எடுத்துக்கொள்ள ஆளே கிடைக்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள், நோயுற்ற மீனை வேறொருவர் தொட்டிக்கு அனுப்பாதீர்கள்.